பதினாலாம் இலக்கம்

விளையாடாதவள் தோய்க்கவேணும்:
எங்கள் அணியின் எழுதாத சட்டம்.
ஞாயிறு காலை, வந்தாறுமூலை,
மகளிர் விடுதியின் பின்கட்டு.
ஒரு சன்லைட் கட்டி, இரண்டு வாளி,
பதினொரு ஜேர்சி, நான்.
என்னுடையது பன்னிரண்டாவது.
மடிப்புக் கலையவில்லை.

முதலில் ஜெனிற்றாவினது.
கோல் காக்கிறவளுக்கு என்ன களைப்பு என்று
வேலியோரம் நிற்கிறவர்கள் கேட்பார்கள்.
வலது இடுப்பில் மண் புகுந்து
நூலோடு நூலாகிக் கிடக்கிறது.
எண்பது நிமிடம் சும்மா நின்ற உடம்பை
ஒரு கணத்தில்
முழு நீளத்துக்கு எறியவேணும்,
சூடேறாத தசையோடு,
மாட்டுக் குளம்பு பதிந்து காய்ந்த தரையில்.
இரவில் இடப்பக்கமாய் மட்டும் படுக்கிறாள்.
புரண்டால் கட்டில்தான் கத்தும்.

றிஸ்மியாவினதைத் தனி வாளியில் ஊறவைப்பேன்.
நடுக்களம்.
நீளக்கை, அதற்குள் இன்னொரு நீளக்கை,
கச்சான் காற்று மூன்று மணிக்கு
அடுப்பூதுகிற மாதிரி ஊத
ஒருநாள் போனை அரையில் கட்டிக்கொண்டு ஓடினாள்.
பத்துக் கிலோமீற்றர் சொச்சம் காட்டியது.
செங்கலடிச் சந்திக்குப் போய்வந்து
திரும்பவும் போகலாம்.
ஆனால் றோட்டில் போகிறவள்
எட்டடிக்கு ஒருதரம் திரும்புவதில்லை,
தோளுக்குப் பின்னால் யார் வருகிறாள் என்று
கழுத்தை முறித்துப் பார்ப்பதில்லை.
முதுகில் வெள்ளை வெள்ளையாய் உப்புக் கோடுகள்,
வற்ற வற்ற வாவி விட்டுப்போன கரைகள் மாதிரி.
எண்ணினேன். ஐந்து.

முன்களத்து இருவரினதையும் சேர்த்தே அலசுவேன்.
முதுகில் பூட்ஸ் அச்சு. தேய்த்தால் போகும்.
கோபிக்கவேண்டாம் பிள்ளைகள்.

ஒரு காற்சட்டையில்
மண் அல்லாத கறை.
யாரினது என்று சொல்லமாட்டேன்,
எந்த இடத்தில் நின்றாள் என்றும்.
இதற்குப் பச்சைத்தண்ணீர் முதலில்,
சவர்க்காரம் பிறகு.
அவள் தொண்ணூறு நிமிடமும் ஆடினாள்.

மறுகா சுலோசி. ஸ்ரொப்பர்.
அழுக்கு குறைவு, கழுத்துப் பட்டிதான் இழுபட்டு
கிணற்று வாய் மாதிரி.
குதித்து முட்டி, குதித்து முட்டி,
"பந்தைவிட மண்டைதான் கூட முட்டுது.
எழும்புறது பெரிய வேலையில்ல கா,
இறங்குறதுதான்" என்பாள்.
முழங்கால் உள்ளே மடங்காமல் இறங்கவேணும்.

போன வருடம் மடங்கியது என்னுடையது.

வலது ஓரம் அப்போது என் இடம்.
முப்பது மீற்றர் பறந்து,
அங்கேயே பிறேக் போட்டு,
உள்ளே வெட்டி, மறுபடி பறந்து.
அன்றைக்கு யாரும் இடிக்கவில்லை,
பந்துகூடப் போய்விட்டது.
நிற்கத்தான் பார்த்தேன்.
முருங்கைக்காய் முறிக்கிற சத்தம்.
இப்போது அந்த ஜேர்சி கோபிதாவினது.
இடத்தோளில் கோட்டுச் சுண்ணாம்பு.
அதைக் கொஞ்சம் மெதுவாய்த் தேய்க்கிறேன்,
ஏனென்று தெரியவில்லை.

சேர் நேற்றுச் சொன்னார்:
ஒலுவில் அணியோடு கடைசி இருபது நிமிடம் நீ.
ஓரத்தில் இல்லை, பின்னுக்கு நில்.
ஓட்டம் கொஞ்சம் குறைவு.

குறைவுதான். ஆனால் பாதி ஓட்டம் பின்பக்கமாய்,
பறந்து வருகிற ஒருத்தியின்
இடுப்பை மட்டும் பார்த்தபடி.
இந்தக் கால் அப்படி ஓடினதேயில்லை.

கொடியில் பதினொன்றையும் விரித்துவிட்டு
அவற்றைப் பார்த்தபடி
வெறும் வாளியோடு பின்னே பின்னே
குழாயடி மட்டும் போகிறேன்.
பதினாறு அடி. ஒன்பதாவதில்
முழங்கால் வழக்கமாய் ஒரு சொல் சொல்லும்.
இன்றைக்குச் சொன்னதோ இல்லையோ,
அந்த நேரம் பார்த்து ஜெனிற்றா
மேல்மாடி ஜன்னலால் கத்துகிறாள்:
"என்ட கையுறையையும் தோய்ச்சியா கா?"